மாப்பிள்ளையை ரயிலேற்றிய அத்தை

அரியலூர் டவுனில் எந்தத் தெருவைக் கேட்டாலும் அதற்கு ஒரு கதை இருக்கும். ஒரு கோயில், கோயிலுக்குள் ஒரு சாமி, சாமி அங்கே வந்து உட்கார்ந்ததற்கு ஒரு காரணம். ரயில்வே கேட்டுக்கு மேற்கே இருந்த எங்கள் தெருவுக்கு மட்டும் ஒன்றுமே கிடையாது. ரயில் வந்தது, கூட்ஸ் ஷெட் வந்தது, சுண்ணாம்புக்கல் ஏற்றி இறக்க ஆள் வேண்டியிருந்தது, நாங்கள் வந்து சேர்ந்தோம். ஒரு வீடு வரதராஜன்பேட்டையிலிருந்து வந்தது, ஒரு வீடு லப்பைக்குடிக்காட்டிலிருந்து. என் அப்பா கூட்ஸ் ஷெட்டில் மூட்டை நிறுக்கிறவர். பூர்வீகம் உடையார்பாளையம் பக்கம்.

கேட் மூடியிருக்கும்போது டவுன்காரர்கள் எங்களோடு நின்று பேச வேண்டியிருக்கும். அவர்கள் பேசுகிற பேச்செல்லாம் ஒன்றுதான். "உங்க தெருவுல கும்புடறதுக்கு ஒரு சாமி கெடையாது, பயப்படறதுக்கு ஒரு பேய் கெடையாது. அதெல்லாம் ஒரு தெருவா?" கேட் திறக்கிற வரைக்கும் எங்கும் நகர முடியாது. கேட்டுக்கொண்டு நிற்போம்.

இந்தக் குறையைத் தீர்த்துவைத்தவள் எங்கள் எதிர்வீட்டு அத்தை. சொந்தத்தில் அத்தை இல்லை, தெருவுக்கே அத்தை. இரண்டு எருமை வைத்துப் பால் ஊற்றினாள். பால் அரைப்படி, கதை ஒரு படி. என் அம்மா பாலைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "என்ன அண்ணி, இன்னிக்கு இப்படித் தண்ணியா ஓடுது?" என்பாள்.

"அது வேற ஒண்ணுமில்ல" என்று அத்தை ஆரம்பிப்பாள். அந்த வார்த்தை வந்துவிட்டால் அடுப்பில் இருப்பதை இறக்கி வைத்துவிட வேண்டியதுதான். "நேத்து மிலிட்டரி ஸ்பெஷல் போச்சுல்ல? அதுல குதுரைங்களை ஏத்திக்கிட்டுப் போனான். அதுங்க கனைச்சதைக் கேட்டு எருமை அரண்டுபோச்சு. அரண்ட எருமைக்குப் பால் இப்படித்தான் தெளிஞ்சு வரும்."

அம்மாவுக்கு இது பொய் என்று தெரியும். ஆனாலும் எருமைமேல் இரக்கப்பட்டுக்கொண்டேதான் பாலை உள்ளே எடுத்துப் போவாள்.

அத்தைக்கு முழங்கையில் ஒரு தழும்பு. என்னிடம் நரி கடித்தது என்று சொல்லியிருந்தாள். என் அம்மாவிடம் கொதிக்கிற கூழ் கொட்டியது என்றாள். லப்பைக்குடிக்காட்டுப் பாய் வீட்டம்மாவிடம், திருடனோடு கட்டிப் புரண்டபோது பட்டது என்று சொல்ல, அந்த அம்மா "யா அல்லா" என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். மூன்று பேரும் ஒருநாள் சேர்ந்து மடக்கினோம். அத்தை அசரவில்லை. "மூணும்தான் நடந்துச்சு. கை ஒண்ணுதானே இருக்கு, எத்தனை எடத்துல படும்?" என்றாள்.

எங்கள் பக்கத்து நிலத்தில் ஏர் ஓட்டினால் விநோதமான கல்லெல்லாம் மேலே வரும். நத்தைபோலச் சுருண்ட கல், சிப்பிபோல வரி வரியான கல். அதற்கும் அத்தை வைத்திருந்தாள். "அது வேற ஒண்ணுமில்ல. பாண்டவங்க வனவாசம் போறப்ப இந்தப் பக்கமாத்தான் போனாங்க. பீமன் பசி தாங்காம நத்தையா அவிச்சுத் தின்னுட்டு, ஓட்டைத் துப்பிக்கிட்டே நடந்தான். எங்கெல்லாம் ஓடு கெடக்குதோ அதான் அவன் போன பாதை."

"தருமர் ஒண்ணும் சொல்லலியா அத்தை?"

"சூதாடித் தோத்த ஆளு. அவரு எப்படி வாயைத் தொறப்பாரு?"

ஒருநாள் தொப்பி போட்ட ஆபீசர் ஒருவர் சின்னச் சுத்தியலோடு வந்து அந்தக் கல்லையெல்லாம் தட்டித் தட்டிப் பார்த்தார். கூட வந்த குமாஸ்தா எங்களுக்கு விளக்கம் சொன்னார். ஒரு காலத்தில் இங்கே கடல் இருந்ததாம், இதெல்லாம் அந்தக் கடலில் வாழ்ந்த ஜீவன்களாம். குடிக்கிற தண்ணீருக்கே குடத்தோடு அலைகிற தெரு, விழுந்து விழுந்து சிரித்தது. அத்தை மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும். இம்மாம் படிச்சவனுக்கு இது தெரியலியே!" என்றாள். ஆபீசர் சொன்னதுதான் சரி என்று பல வருஷம் கழித்துத் தெரிந்துகொண்டேன். இன்றைக்கும் என் மனசு பீமன் பக்கம்தான்.

அத்தையின் கதைகளை முதலில் நம்புகிறவர் அவள் வீட்டுக்காரர். மாமா வண்டி மாடு வைத்துச் சுண்ணாம்புக்கல் ஏற்றி அடித்தார். அவர் கண் முன்னால்தான் அத்தை கதை கட்டுவாள், கட்டி முடித்ததும் அவர் "அப்படியா!" என்று வாயைப் பிளப்பார். மனைவி சமைத்த சோற்றைச் சாப்பிடுவதுபோல அவள் சொன்ன கதையையும் சாப்பிடுவார். அதில் உப்புப் பார்க்கிற வழக்கம் அவருக்குக் கிடையாது.

எதைக் கேட்டாலும் கதை சொல்லுகிறவளிடம் ஒரே ஒரு கேள்விக்குக் கதை இல்லை. விருந்தாளியாக வந்த ஒருத்தி, "உனக்கு ஏம்மா புள்ளை இல்ல?" என்று கேட்டுவிட்டாள். அத்தை பால் செம்பைக் கழுவிக்கொண்டிருந்தாள். "இல்ல" என்றாள். மேற்கொண்டு ஏதாவது வரும் என்று நாங்கள் காத்திருந்தோம். செம்பைக் கவிழ்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

இனி என் விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் தெருக்கோடியில் சுண்ணாம்புக்கல் சுடுகிற பழைய காளவாய் ஒன்று கேட்பாரற்று நின்றது. நாலு ஆள் உயரம், சுவரெல்லாம் வெடிப்பு. மத்தியான வெயிலுக்கு அந்த நிழல் சுகமாக இருக்கும். கல்யாணத்துக்கு நிற்கிற பெண்கள் நாங்கள் நாலைந்து பேர் அங்கே உட்கார்ந்துதான் தாயம் ஆடுவோம். ஒருநாள் மேலேயிருந்து செங்கல் சரிந்து, ஒரு ஆட்டுக்குட்டி நசுங்கிச் செத்தது. போகாதீர்கள் என்று எங்கள் அம்மாக்கள் கத்தினார்கள். நாங்கள் போனோம். தாயத்தில் பாதி ஆட்டம் பாக்கி இருந்தது.

அத்தை எங்களைக் கூப்பிட்டாள். மாமாவுக்குக் கூழ் ஊற்றிக்கொண்டே, "அங்க போவாதீங்கடி" என்றாள். "அது வேற ஒண்ணுமில்ல. காளவாய்க்குள்ள ஒரு மாப்பிள்ளை இருக்கான்."

ரயில் வருவதற்கு முந்திய காலமாம். கொள்ளிடக்கரையிலிருந்து ஒரு பையன் மாலையும் கழுத்துமாகப் பெண் வீட்டுக்கு வண்டி கட்டிக்கொண்டு போனானாம். மறுநாள் முகூர்த்தம். வெயிலுக்குக் காளவாய் ஓரம் படுத்தவன் தூக்கத்தில் உருண்டு உள்ளே விழுந்துவிட்டானாம். "உசுரு போச்சே தவிர ஆசை போவலை. கன்னிப் பொண்ணு எவளாச்சும் அந்த நெழல்ல உக்காந்தா, நமக்குப் பாத்த பொண்ணு இவதான்னு நெனைச்சுக்குவான். அப்புறம் அவளை வேற எவன் கட்டினாலும் வுடமாட்டான். பின்னாடியே போயி அந்த வூட்டு வாசல்ல நிப்பான்."

கூழ் குடித்துக்கொண்டிருந்த மாமா அன்றிலிருந்து காளவாய்ப் பக்கம் வண்டி ஓட்டுவதை நிறுத்தினார். ஊரைச் சுற்றிக்கொண்டு வந்தார். நாங்களும் அதற்கப்புறம் அந்த நிழலை மிதிக்கவில்லை. அந்த மழைக்காலத்தில் பாதிச் சுவர் இடிந்து விழுந்தபோது அடியில் யாரும் இல்லை. எங்கள் அம்மாக்கள் அத்தைக்குப் பலகாரம் கொடுத்தனுப்பினார்கள். கேட்டில் நிற்கும்போது எங்கள் தெரு ஆம்பிளைகள் தலையை நிமிர்த்திப் பேசினார்கள். "உங்க பேயெல்லாம் வெறும் பேய்தானே? எங்களுது மாலையும் கழுத்துமா நிக்கிது!"

அந்தப் பெருமை எங்கே கொண்டுபோய் விடும் என்று யாரும் யோசிக்கவில்லை.

அப்போது யுத்த காலம். பெட்ரோல் கிடையாது. பஸ்ஸின் பின்னால் ஒரு பெரிய இரும்பு டிரம்மைக் கட்டி, அதில் அடுப்புக்கரியைப் போட்டு எரித்து, அந்தப் புகையில் ஓட்டினார்கள். பாடாலூரிலிருந்து ஒரு பையன் என்னைப் பெண் பார்க்க வந்தான். பெரம்பலூர் பஸ்ஸில் அந்த டிரம்முக்குக் கரி போட்டு, காற்று ஊதுகிற சக்கரத்தைச் சுற்றிவிடுகிற வேலை. அப்பா இல்லை, அம்மாவுக்கு ஒரே பிள்ளை. குளித்து, திருநீறு வைத்து, வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தான். ஆனால் காது மடலில் கரி இருந்தது. யாரும் சொல்லவில்லை. எனக்கு அந்தக் காது பிடித்துவிட்டது. தட்டு மாற்றி, வைகாசியில் கல்யாணம் என்று பேசி முடித்தார்கள்.

பங்குனி முடிவதற்குள் பாடாலூரிலிருந்து சொல்லி அனுப்பினார்கள்: கல்யாணத்தைக் கொஞ்சம் தள்ளிப் போடலாம். எங்கள் பக்கம் தள்ளிப் போடலாம் என்றால் வேண்டாம் என்று அர்த்தம். விசாரித்தால், எல்லாம் காளவாய் மாப்பிள்ளையால் வந்த வினை. கேட்டில் சொன்ன பேச்சு பஸ்ஸில் ஏறிப் பாடாலூர் போய்விட்டது. அந்தத் தெருப் பெண்ணைக் கட்டினால் பேய் பின்னாலேயே வந்து வாசலில் நிற்கும், ஒரே பிள்ளையைக் கொண்டுபோய்விடும் என்று பையனின் அம்மா பயந்துவிட்டார்.

அம்மா அழுதாள். அப்பா கூட்ஸ் ஷெட்டுக்குப் போகாமல் உட்கார்ந்துவிட்டார். தட்டு மாற்றி நின்றுபோன பெண் என்று பெயர் வந்துவிட்டால் அப்புறம் எவன் வருவான்? எனக்கு வேறு எவனும் வரவும் வேண்டாம். அந்தக் கரிக்காதுதான் வேண்டும். அதை யாரிடம் போய்ச் சொல்வது?

பால் கொண்டுவந்த அத்தை விஷயத்தைக் கேட்டுச் செம்பை இறக்கி வைத்தாள். "நான் கட்டிவுட்ட கதைன்னு நானே போயி சொல்லிட்டு வரேன்" என்று, அப்பாவை அழைத்துக்கொண்டு கரி பஸ்ஸில் ஏறினாள்.

போன இடத்தில் நடந்ததை அத்தைதான் சொன்னாள். அத்தை சொன்னதால் பாதியைத் தள்ளிவிடலாம் என்று பார்த்தால், அப்பாவும் அதையேதான் சொன்னார். வழியில் ஒரு மேட்டில் பஸ் நின்றுபோய் எல்லாரும் இறங்கித் தள்ளியிருக்கிறார்கள். சக்கரம் சுற்றிக்கொண்டிருந்த பையனிடம் அத்தை பக்கத்தில் போய், "தம்பி, அந்தப் பேயி பொய்யிப்பா. நான்தான் சொன்னேன்" என்றிருக்கிறாள். அவன் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "எனக்குப் பேயின்னா பயமில்லீங்க அத்தை. எங்கம்மான்னாதான் பயம்" என்றானாம். இதைக் கேட்டதும் எனக்கு அவன்மேல் பிரியம் இன்னும் கூடிப்போயிற்று.

பாடாலூரில் அந்த அம்மா மோர் கொடுத்து உபசரித்து, அத்தை சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "பொண்ணு வூட்டுக்காக இம்மாம் தூரம் வந்து பொய் சொல்றியே, உனக்கு நல்ல மனசும்மா" என்றார்.

"பொய் இல்லீங்க! அதுதான் பொய்யி. இது நெசம்!"

"என் தம்பி கடலை மூட்டை போட வந்தப்ப கண்ணாலே பாத்திருக்கான். மீசையை முறுக்கிக்கிட்டுக் காளவாய் மேல குந்தியிருந்தானாம்."

அத்தை திரும்பி வந்து எங்கள் வீட்டில் உட்கார்ந்து ஒரு செம்பு தண்ணீர் குடித்தாள். பிறகு, "மாலை நான் போட்டது. மீசை நான் வைக்கலியே!" என்றாள். ஓரமாக நின்றிருந்த மாமா தயங்கித் தயங்கி, "மீசை இருக்கு. ஒருதரம் நானும் பாத்தேன்" என்றார். அத்தை அவரைப் பார்த்த பார்வையில் மாமா வெளியே போய்விட்டார்.

வாழ்நாளில் ஒரு தடவை நிஜம் பேசினாள், அதை யாரும் நம்பவில்லை. அந்த அடி அவளுக்குப் பலமாக விழுந்தது. பால் வந்தது, கதை வரவில்லை. தண்ணீர்ப் பால் வெறும் தண்ணீர்ப் பாலாகவே வந்தது. அம்மா தானாகவே, "எருமை ஏதாச்சும் அரண்டுச்சா அண்ணி?" என்று கேட்டுப் பார்த்தாள். "தண்ணி கலந்தேன்" என்றாள் அத்தை. தெருவே கதிகலங்கிப்போயிற்று.

பிறகு ஒருநாள் காலையில் ஓட்டமாக வந்தாள். "அது வேற ஒண்ணுமில்ல!" என்றாள். எனக்குப் போன உயிர் வந்தது. "அவனுக்குக் கல்யாணம் ஆவாததுதானே கொறை? கட்டி வெச்சுட்டா?"

தோஷம் உள்ள ஆணுக்கு முதலில் ஒரு வாழைக்கன்றுக்குத் தாலி கட்டச் சொல்லுகிற வழக்கம் எங்கள் பக்கம் உண்டு. அதையே பேய்க்குச் செய்துவிடலாம் என்பது அத்தையின் யோசனை. பையன் மூலமாகப் பாடாலூருக்கு வெற்றிலை பாக்கு போயிற்று. பேய்க்குக் கல்யாணம் என்றால் யார்தான் வராமல் இருப்பார்கள்? பையனின் அம்மா தம்பியோடு வந்து இறங்கினார். அந்த மீசை பார்த்த தம்பியேதான். டவுன்காரர்களும் கேட்டைத் தாண்டி வந்து நின்றார்கள். இடிந்த காளவாய் முன்னால் பந்தல். பர்மா அரிசி நின்றுபோன சமயம் ஆனதால் கல்யாணச் சாப்பாடு கம்பஞ்சோறு. வாழைக்கன்றுக்கு அத்தை தன் கூறைச் சேலையைக் கிழித்து மடித்துக் கட்டி, மஞ்சள் பூசிப் பொட்டு வைத்திருந்தாள். அழகாகத்தான் இருந்தது.

மாப்பிள்ளைக்குக் கை கிடையாது. யார் தாலி கட்டுவது? அத்தை மாமாவைப் பிடித்து முன்னால் தள்ளினாள். மாமாவுக்கு வேர்த்துக் கொட்டியது. மஞ்சள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு காளவாயைப் பார்த்து, "தம்பி, உனக்காகத்தான் கட்டுறேன். முடிச்சு மட்டுந்தான் என்னுது, பொண்டாட்டி உன்னுது. தப்பா நெனைச்சுக்காதே" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு கட்டினார்.

கட்டி முடிந்ததும் பையனின் மாமன் அரிவாளோடு வந்தார். வழக்கப்படி கடைசியில் வாழையை வெட்ட வேண்டும். அத்தை குறுக்கே விழுந்தாள். "வெட்டிட்டா? அவன் பொண்டாட்டி செத்தவன் ஆயிடுவான். மறுபடியும் பொண்ணு தேடமாட்டானா?"

கூட்டம் முழுக்க "ஆமாம்ல!" என்றது. மாமன் அரிவாளை இறக்கினார்.

ஆனால் பையனின் அம்மா லேசில் விடுகிறவர் இல்லை. "சரி, வெட்ட வேண்டாம். குடித்தனம் எங்க பண்ணுவாங்க? இங்கேயேன்னா, வருசத்துக்கு ஒண்ணு பொறந்து தெரு முழுக்க நிக்குமே?"

எல்லாரும் அத்தையைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். இதற்கு ஒரு பதில் வரவில்லை என்றால் என் கல்யாணம் போயிற்று. அத்தை வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பினாள்.

"மெட்ராசுக்கு அனுப்பிச்சுடறேன்."

"மெட்ராசா?"

"சப்பான்காரன் குண்டு போடுவான்னு அங்கேருந்து ஜனமெல்லாம் காலி பண்ணிக்கிட்டு ஓடி வருதுல்ல? வூடெல்லாம் சும்மாத்தான் கெடக்குது. சின்னஞ்சிறுசுங்க, போயி நல்ல வூடாப் பாத்து இருக்கட்டும். செத்தவனைக் குண்டு என்ன பண்ணும்?"

இதைவிடப் பொருந்த யாரால் சொல்ல முடியும்? கூட்டத்தில் ஒருவருக்கும் மறுப்பு இல்லை. வாழைக்கன்றை வேரோடு பெயர்த்து ஒரு பழைய தவலையில் நட்டு, மாமாவின் வண்டியில் ஏற்றி, தெருவே ஊர்வலமாக ஸ்டேஷனுக்குப் போனது. பையனின் அம்மா டிக்கெட் எடுத்தே ஆக வேண்டும் என்றார். "டிக்கெட் இல்லேன்னு விருத்தாசலத்துல எறக்கி வுட்டுட்டா, அடுத்த வண்டியிலேயே திரும்பிடுவான்." அப்பா போய் எழும்பூருக்கு இரண்டு டிக்கெட் கேட்டார். யாருக்கு என்று விசாரித்த குமாஸ்தாவிடம், "புதுசாக் கல்யாணம் ஆனவங்க" என்றார். இந்த நேரத்தில் மெட்ராஸுக்கா என்று குமாஸ்தா தலையில் அடித்துக்கொண்டே கொடுத்தார்.

மெட்ராஸிலிருந்து வருகிற வண்டியில் அண்டா குண்டா, கட்டில், தையல் மெஷின் சகிதம் ஜனங்கள் தொங்கிக்கொண்டு வந்தார்கள். மெட்ராஸுக்குப் போகிற வண்டி காலியாக வந்து நின்றது. ஒரு பெட்டி முழுக்க வாழைக்கன்றுக்குக் கிடைத்தது. அத்தை ஏறி, காற்று வருகிற ஜன்னலோரமாகப் பார்த்துத் தவலையை வைத்தாள். தண்ணீர் தெளித்தாள். பக்கத்துப் பலகையில் இரண்டு டிக்கெட்டையும் ஒரு பொட்டலம் பொரிகடலையையும் வைத்தாள். கார்டு விசில் ஊதிய பிறகும் இறங்காமல் நின்றவளை மாமாதான் கையைப் பிடித்து இறக்கினார்.

வண்டி போயிற்று. தெரு கை தட்டியது. பையனின் அம்மா தன் முந்தானையில் முடிந்து வைத்திருந்த திருநீற்றை எடுத்து என் நெற்றியில் பூசினார். அப்பாவைப் பார்த்து, "பேசினபடி வைகாசியிலேயே வெச்சுக்குவோம்" என்றார். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. முதலில் அத்தையைத்தான் கட்டிக்கொள்ள வேண்டும் என்று திரும்பினேன்.

அத்தை பிளாட்பாரத்தின் கோடியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். அவள் அழுது நாங்கள் யாரும் பார்த்ததில்லை. வாய்விட்டு, சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு, தோள் குலுங்க அழுதாள். மாமா செய்வதறியாமல் பக்கத்தில் நின்றார். என் கல்யாணத்துக்காக இவள் எதைத் தூக்கிக் கொடுத்திருக்கிறாள் என்று அப்போதுதான் புரிந்தது.

பையனின் அம்மா அருகில் போனார். "ஏம்மா, அதான் போயிட்டான்ல? எதுக்கு இப்படி அழுவுறே?"

"புள்ளைக்குக் கல்யாணம் பண்ணி வெச்சுட்டேனே சம்பந்தியம்மா" என்றாள் அத்தை. "இனிமே என்னைத் தேடி அவன் எதுக்கு வரப்போறான்?"

ஸ்டேஷனுக்கு வெளியே கரி பஸ்ஸின் ஹாரன் கேட்டது. பையன் பஸ்ஸைக் கிளப்பத் தயாராகி, அம்மாவைக் கூப்பிடுகிறான். அந்த அம்மா ஹாரன் வந்த திக்கைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் நெற்றியில் தான் பூசிய திருநீற்றைப் பார்த்தார். அப்படியே அத்தை பக்கத்தில் உட்கார்ந்து அவரும் அழத் தொடங்கினார்.

அப்பா ஓடிப்போய்க் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். "சம்பந்தியம்மா, என்ன ஆச்சுங்க? வைகாசிதானுங்களே?"

என் மாமியார் மூக்கைச் சிந்தினார். "வைகாசிதாங்க, வைகாசிதான். சித்த அழ வுடுங்க" என்றார்.